"பார்த்து, பத்திரம்!" இல்லாமல் மகளைப் பழக்க

சைக்கிள் பழகும் மகள் பயப்படுகிறாள் என்று கேட்டவருக்கு:

முதலில் பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். ஸ்பேனரின் மேல்முனையைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டுமே கழன்றுவிடும். உட்கார்ந்தால் இரு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். பிரேக் பிடித்து நிறுத்தப் பழகிய பிறகு, லேசான சரிவில் காலால் உந்திப் போகட்டும். காலைத் தூக்கியபடி பத்து எண்ணும்வரை உருண்டு போனால் பேலன்ஸ் வந்துவிட்டது, பெடலை மாட்டலாம். பக்கச் சக்கரம் வேண்டாம். வண்டி சாயவே சாயாது, அதனால் சாய்ந்து திரும்பவும் வராது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவதும் இதே தப்புதான்.

பெண் பிள்ளை என்றால் நம் கை கூடுதல் நாள் சீட்டிலேயே இருக்கும். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், 11 மாதக் குழந்தை எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மார்களையே கணிக்கச் சொன்னார்கள். மகளைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள், மகனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள். இறக்கிப் பார்த்தால் குழந்தைகளுக்குள் வித்தியாசமே இல்லை!

* * *

மேலே சொன்னதோடு ஒன்று. "பத்திரம்" என்ற சொல்லில் தகவல் எதுவும் கிடையாது. மரத்தில் ஏறுகிறவளிடம் "அடுத்த கால் எங்கே வைக்கப் போறே?", "அந்தக் கிளை காஞ்சிருக்கா பாரு" என்று கேளுங்கள். அவள் கண் உங்களை விட்டுவிட்டுக் கிளைக்குப் போகும். ஏற முடியாத இடத்துக்குத் தூக்கி மட்டும் விடாதீர்கள். தானாக ஏறாத இடத்திலிருந்து தானாக இறங்கவும் வராது.

* * *

கருவிகள் பற்றி. பொம்மை செட் வாங்காதீர்கள். மழுங்கிய முனை ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடும். பழி கருவி மேல் போகாது, "எனக்கு இதெல்லாம் வராது" என்று அவள் மேலேயே விழும். சின்னக் கைக்கு 200 முதல் 250 கிராம் சுத்தியல் சரி. ஆணியைச் சீப்பின் பற்களுக்கு நடுவே நிறுத்தி அடித்தால் விரல் தப்பிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மரத்தில் ஸ்க்ரூ இறங்கவில்லை என்றால் பலம் போதாது என்று அர்த்தமில்லை, முன்துளை இல்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவின் தண்டைவிடக் கொஞ்சம் மெல்லிய துளை போட்டு, மரையில் சோப்பைத் தேய்த்துத் திருகச் சொல்லுங்கள்.

கோணலாக ஏறினால் ஏறட்டும். "இங்க குடு, நான் போடுறேன்" என்று வாங்கினீர்களோ, அன்றைய பாடம் அதோடு முடிந்தது. கழற்றி மறுபடி போடுவதும் அவளே செய்யட்டும்.

* * *

இன்னொரு இடத்திலும் இதே கதைதான். மருத்துவர் "எங்கம்மா வலிக்குது?" என்று அவளைக் கேட்பார், பதில் அப்பாவிடமிருந்து வரும். மனதுக்குள் மெதுவாக ஐந்து எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்பறைகளில் இதை அளந்தார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். போகும் முன் வீட்டில் மூன்று விஷயம் மட்டும் தயார் செய்துகொள்ளச் சொல்லுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, எப்போது கூடுகிறது. விட்டுப்போனதை அவள் பேசி முடித்த பிறகு நீங்கள் சேர்க்கலாம்.

* * *

அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு வேலைப் பட்டியல் கொடுத்து, வாரம் ஒருமுறை அவனுடையதை அவளுக்கும் அவளுடையதை அவனுக்கும் முழுசாக மாற்றுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்தால், "அவன் சரியா கழுவமாட்டான்" என்று பாத்திரம் மூன்றாம் வாரம் அவளிடமே திரும்பும். அவன் சரியாகக் கழுவவில்லையா? அவனே மறுபடி கழுவட்டும்.