ஃபிரேமிங்: திரிப்பா, சட்டகமா?

> ஃபிரேமிங்குக்குத் ‘திரிப்பு’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

போதாது என்பது என் கட்சி. ஃபிரேமிங் என்பது செய்தியில் எதை உள்ளே காட்டுவது, எதை வெளியே விடுவது என்று எல்லை வகுப்பது. திரிப்பு என்றால் பொய் கலந்திருக்க வேண்டும். 2008 ஜனவரியில் கென்யாவின் தேர்தல் கலவரத்தைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்கள் எழுதியவற்றில் பொய்யைத் தேடினால் அதிகம் அகப்படாது. எல்டோரெட் அருகே, அடைக்கலம் புகுந்திருந்தவர்களோடு ஒரு தேவாலயம் கொளுத்தப்பட்டது, உண்மை. அங்கே மாண்டவர்களில் பெரும்பாலோர் கிகுயு இனத்தவர், அதுவும் உண்மை. ஆனால் இவற்றைச் சுற்றி ‘காலங்காலமான குலப்பகை’ என்று நான்கு கட்டைகளை அடித்ததும் மற்றவை வெளியே நின்றுவிட்டன. 2007 டிசம்பர் 30 அன்று தேர்தல் முடிவை அறிவித்த கையோடு, அந்தி நேரத்தில் அதிபர் கிபாகி அவசரமாகப் பதவியேற்றது வெளியே. ஆங்கிலேயர் பறித்து வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்த மேட்டுநிலம், 1963 விடுதலைக்குப் பிறகும் அங்கே மாடு மேய்த்து வாழ்ந்தவர்களிடம் பெரும்பாலும் திரும்பாமல் கைமாறியதும் வெளியே.

அப்போது நான் ஒரு நாளிதழின் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். ஏஜென்சிச் செய்தியின் கடைசிப் பத்தியில் அந்த நிலத் தகராறு இரண்டு வரி இருந்தது. பக்கத்தில் இடமில்லை, வழக்கம்போல் அடியிலிருந்து வெட்டினேன். நான் வைத்த தலைப்பு: ‘கென்யாவில் பழங்குடியினர் மோதல்’. (2019 கணக்கெடுப்பில் கிகுயு மக்கள் 81 லட்சம் பேர். டென்மார்க்கின் மொத்த மக்கள்தொகையே சுமார் 60 லட்சம்தான். டேனியரைப் பழங்குடி என்று யாரும் எழுதக் காணோம்.) ஒரு வரியைக்கூட நான் திரிக்கவில்லை, ஐயா.

இந்த இழையில் ஓர் அம்மையார் ‘கோணம்’ என்று சொன்னது அழகுதான். ஆனால் அதில் வெட்டு தெரியவில்லை. ‘சட்டம்’ என்றே வைத்தால், ‘கலவரத்துக்குச் சட்டமிட்டார்கள்’ என்பதைப் படிப்பவர் நேரே சட்டமன்றத்துக்குப் போய்விடுவார். ஆகவே பெயர்: சட்டகம். வினை: சட்டகமிடு.

> வினை: சட்டகமிடு

கலைச்சொல் பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பில் இருப்பதால் சொல்கிறேன்: பெயரை ஒப்புகிறேன். வினை நாக்கில் முட்டுகிறது. ‘கலவரத்தைக் குலப்பகையாகச் சட்டகமிட்டன’ என்று செய்தி வாசிக்க வேண்டியவர் பாவம். ‘குலப்பகைச் சட்டகத்தில் அடைத்தன’ என்றால் எவருக்கும் விளங்கும். உள்ளே திணிப்பதும் தெரிகிறது. சட்டகம், சட்டகத்தில் அடைத்தல், சட்டகம் மாற்றல் என மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

‘பழங்குடி’க்குத் தனி இழை தொடங்குங்கள். அந்தத் தலைப்பை நீங்கள் ஒருவர் மட்டும் வைக்கவில்லை, நானும் வைத்திருக்கிறேன்.