ஏர்வே ஸ்கோப்: கைப்பழக்கத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

வாயே திறக்க முடியாத நோயாளிக்கு, விழித்திருக்கும்போதே ஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள, வளையும் மெல்லிய குழாய்) வைத்து மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும் தேவை எப்போதாவதுதான் வருகிறது. வரும் அன்றைக்குப் பழகிக்கொள்ள முடியாது. வாய் வழியே வைத்துக் குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்தபின் வாய்ப்பு இன்னும் குறைந்துவிட்டது. நல்ல கருவிதான், ஆனால் பற்களுக்கு நடுவே விரலே நுழையாத இடத்தில் அதை வைத்து என்ன செய்வது? மயக்க மருத்துவத்தில் நேரும் மூச்சுவழிச் சிக்கல்களைப் பற்றிப் பிரிட்டனில் 2011-இல் வந்த நாப் 4 (NAP4) அறிக்கையிலேயே, ஸ்கோப் தேவைப்பட்டும் அதை எடுக்காமல் விட்ட நேர்வுகள் பேசப்பட்டன.

மாணவர்களுக்கு, மேனிக்கினில் (பயிற்சிப் பொம்மையில்) பழகுவதற்கு முன்பு, ஓட்டை போட்ட தடுப்புகள் உள்ள பெட்டியைத்தான் கொடுக்கிறேன். அசைவு மூன்றே: கட்டைவிரலால் நுனியை வளைப்பது, மணிக்கட்டால் திருப்புவது, உள்ளே செலுத்துவது. எல்லாரும் தடுமாறுவது திருப்புவதில்தான். ஸ்கோப் தொய்ந்திருந்தால் மேலே எவ்வளவு திருப்பினாலும் நுனி சரியாகத் திரும்பாது. அது நேராக நிற்கப் படுக்கையைத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் ஒரு படி ஏறி நில்லுங்கள். வழி திரையின் நடுவில் வராமல் முன்னே போகாதீர்கள். திரை முழுக்கச் சிவந்துபோனால் கொஞ்சம் பின்னால் இழுத்து, இருக்கும் இடம் புரிந்தபின் போங்கள்.

அதன்பின் பழக்கத்தைக் காப்பாற்ற நான் நம்பியிருப்பது நுரையீரல் அறுவை சிகிச்சைகளைத்தான். இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனியே காற்று செலுத்தும் இரட்டைக் குழல் ட்யூப் போட்டால் எப்படியும் ஸ்கோப்பால் பார்த்தாக வேண்டும். கரைனாவை (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) பார்த்ததோடு வெளியே வந்துவிடாமல், ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தால் வலது நுரையீரல் மேல் மடலுக்குள் போகும் காற்றுக்குழாய்களின் மூன்று வாய்களையும் தேடச் சொல்வேன். அதைக் கண்டுபிடிக்கும் கை தொண்டையிலும் திணறாது.

———

மேடம், இதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் முதுநிலை இறுதி ஆண்டு. ஒரு நோயாளிக்கு ஸ்கோப் சுலபமாகக் கரைனா வரை போய்விட்டது, அதன்மேல் கோத்திருந்த ட்யூப்தான் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற சார், "அழுத்தாதே, கொஞ்சம் மேலே இழுத்து இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பு" என்றார். குரல்வளையின் வலது அரிட்டினாய்டு குருத்தெலும்பில் ட்யூப்பின் முனை மாட்டியிருக்கிறது. திருப்பியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஸ்கோப்பைவிட ட்யூப் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் இது அதிகம் நடக்கும் என்று அப்புறம் விளக்கினார். பெட்டியில் எவ்வளவு பழகினாலும் இது கையில் படாது.

———

கைவேலையைப் பற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் பாதி வெற்றி தொண்டையை மரத்துப்போகச் செய்வதில் இருக்கிறது. லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தைப் பொறுமையாக, படிப்படியாகக் கொடுங்கள். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூக்கில் வைப்பதும் இருமும்போது தெளிப்பதும் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. மூக்கு வழி ஆக்சிஜன் இடைவிடாமல் போகட்டும். நோயாளியோடு பேசிக்கொண்டே இருங்கள். அவர் அமைதியாக இருந்தால் பழகுபவரின் கையும் நடுங்காது.

பயிற்சிக்குக் கருவி இல்லையே என்பவர்களுக்கு: ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்கோப்களில் காலாவதியானவற்றை, உறை பிரிக்காதவற்றை, கேட்டு வாங்கி வையுங்கள். "பயிற்சிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டி, தியேட்டருக்கு வெளியே தனி அலமாரியில் பூட்டி வைப்பது முக்கியம்.