ஐசியூ ஆய்வில் முடிவு மட்டும் போதுமா?

பாலாற்றங்கரை: ஐசியூ ஆய்வுகளில் சிகிச்சை பலித்ததா என்பதோடு விடக்கூடாது, வார்டில் அதை எப்படிச் செய்தார்கள் என்று நர்ஸ்களிடம் பேசித் தனியாக ஆராய வேண்டும் என்று நைட்டூட்டி அக்கா சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. நம்ம வேலூர் சிஎம்சி முன்னின்று 7 மையங்களில் நடத்திய ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) ஆய்வு 2023ல் வந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது. முடிந்தது கதை. இதில் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

நைட்டூட்டி (ராணிப்பேட்டை): தம்பி, அது டிரிப்பில் போகிற மருந்து, யார் ஏற்றினாலும் அதே மருந்துதான். சர்க்கரைக் கட்டுப்பாடு அப்படியா? 2001ல் பெல்ஜியத்தில் லூவன் நகர மருத்துவமனை ஒன்றில் இன்சுலினால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது ஐசியூ சாவு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆனது. 2009ல் நைஸ்-சுகர் ஆய்வில் 6104 பேரிடம் அதையே செய்தபோது சாவு கூடியது. ரத்த அழுத்தத்தைத் தூக்க நார்அட்ரினலின் ஓடுகிற நோயாளிக்கு விரல் சில்லென்று கிடக்கும், குத்தினால் ரத்தம் வராது, பிழிந்து பிழிந்து ஒரு சொட்டு எடுத்தால் மீட்டர் ஒன்று காட்டும், ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் போட்ட குழாயில்) எடுத்தது வேறொன்று காட்டும். எந்த எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றினார்கள் என்று தெரியாமல் என்ன முடிவு?

ஆரணிக்காரன்: அக்கா, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. நைஸ்-சுகரில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளில் சாவு 27.5 சதவீதம், தளர்வாக விட்டவர்களில் 24.9. பல நாட்டு ஐசியூக்களில் வந்த எண் இது. நிஜ வார்டில் மீட்டரும் நர்ஸ் தட்டுப்பாடும் இருக்கத்தான் செய்யும், அதோடு சேர்த்துப் பலித்தால்தான் சிகிச்சை. தோற்ற பிறகு 'சரியாகச் செய்யவில்லை' என்று சொல்ல ஆரம்பித்தால் எந்தச் சிகிச்சையும் தோற்காது.

நைட்டூட்டி: சர்க்கரையை விடுங்கள். 2019ல் வந்த இங்கிலாந்தின் பாப்பி ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஐசியூ நோயாளிகளோடு உட்கார்ந்து மனக்கலக்கத்தைப் பற்றி மூன்று முறை பேச வேண்டும். பலன் இல்லை என்று வந்தது. பேச்சே பயன்படாதா, அல்லது நோயாளி அரைமயக்கத்தில் கிடக்க, பக்கத்து பெட்டில் வென்டிலேட்டர் அலற, நர்ஸ்கள் பாதியில் எழுந்து ஓடினார்களா? இரண்டுக்கும் எண் ஒன்றுதான் வரும், அடுத்துச் செய்ய வேண்டியது வேறு.

பாலாற்றங்கரை: பேச்சு சம்பந்தப்பட்டதற்கு ஒத்துக்கொள்கிறேன். மருந்துக்கு வேண்டாம்.

ஆரணிக்காரன்: அப்படியானால் ஒரு நிபந்தனை. எதைக் கவனிப்போம், எவ்வளவு செய்தால் 'செய்தது' என்று கணக்கு, இதெல்லாம் முடிவு தெரியும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு சாக்கு தேடக்கூடாது.

நைட்டூட்டி: சரி, எழுதி வையுங்கள். ஆனால் அந்த ஃபார்மை நிரப்ப ஆள் போடுங்கள் அண்ணா. ராத்திரி மூன்று பெட்டைப் பார்க்கிற நர்ஸ் தலையில் அதையும் கட்டினால், விடிகாலையில் மொத்தமாக டிக் அடித்து வைப்பார்கள், அதை வைத்து நீங்கள் இன்னொரு கட்டுரை எழுதுவீர்கள்.