மெல்பர்னில் குதிரை வளர்க்க என்ன செலவாகும்?

வணக்கம் உறவுகளே. வேலை மாற்றத்தால் கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறோம். மகளின் குதிரையைக் கொண்டுபோவதா, இங்கேயே நல்லவர் கையில் ஒப்படைப்பதா என்று முடிவெடுக்கச் செலவை ஒப்பிட்டு வருகிறேன்.

எங்கள் லாயத்தில் மாதக் கட்டணத்திலேயே தீவனம், சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) கூலி எல்லாம் அடங்கிவிடும். அங்கே மேய்ச்சல் நிலத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தால் மலிவாம். ஆனால் தினமும் நாமே போய்ப் பார்க்க வேண்டும். 450 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 9 கிலோ உலர்புல் தேவை. கோடையில் புல் காய்ந்தால் அத்தனையும் விலைக்குத்தான். குளிருக்குப் போர்வை வேறு. லாடம், பல் ராவுதல், தடுப்பூசி எங்கே இருந்தாலும் உண்டு.

பயணம்தான் பெரிய கவலை. ஆஸ்திரேலியா போய் இறங்கியதும் மெல்பர்ன் அருகிலுள்ள மிக்கல்ஹாம் அரசு மையத்தில் குறைந்தது 14 நாள் தனிமைப்படுத்தல், அந்தச் செலவும் நம்முடையதே. மலேசியாவிலிருந்து நேரே அனுப்ப முடியுமா, இடையில் வேறு நாட்டில் தங்க வைக்க வேண்டுமா?

அங்கே குதிரை வைத்திருக்கும் அண்ணன், அக்கா யாராவது மேய்ச்சல் வாடகை, லாடக் கூலி, மருத்துவர் கட்டணம் தோராயமாகச் சொல்லுங்கள். டாலரிலேயே சொன்னால் போதும், மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) நான் மாற்றிக்கொள்கிறேன். அப்புறம், குதிரையை அனுப்பிய அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். மகள் அதைப் பிரிய மாட்டேன் என்கிறாள், எனக்கும் மனமில்லை.