மறு: ஸ்விட்சபிள் கிராபிக்ஸ் – 'மாற்று வரைகலை' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

கடையில் வேலை குவிந்துவிட்டதால் மூன்று நாளாக வந்த மடல்களை நேற்று ராத்திரிதான் ஒரே மூச்சில் படித்தேன். லேப்டாப்பில் இருக்கிற இரண்டு வரைகலைச் சிப்புகளைத் தேவைக்கேற்பப் பயன்படுத்துகிற 'ஸ்விட்சபிள் கிராபிக்ஸ்' வசதிக்கு, நம் மெனுத் தமிழாக்கப் பட்டியலில் 'மாற்று வரைகலை' என்றே முடித்துவிடலாம் என்ற பக்கம் பலரும் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

> 'மாற்று' என்றால் யாருக்கும் புரியும். சுருக்கமாகவும் இருக்கிறது.

புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். மாற்றுச் சாவி, மாற்றுப் பாதை, மாற்று எரிபொருள் என்று அசல் இல்லாத இடத்துக்கு வருவதைத்தானே மாற்று என்கிறோம்? 'மாற்று வரைகலை' என்று மெனுவில் பார்க்கிறவர், கார்டு கெட்டுப்போனால் போடுகிற ஸ்பேர் போலிருக்கிறது என்று நினைப்பார். 'மாறும் வரைகலை' அதைவிட மோசம், ஸ்கிரீன்சேவர் மாதிரி ஒலிக்கிறது.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். போன வாரம் ஆடிட்டர் ஒருவர் தன் ஆபீஸ் லேப்டாப்போடு மதுரை சிம்மக்கல்லில் இருக்கிற என் கடைக்கு வந்தார். "தம்பி, வாங்குன புதுசுல ஏழு மணி நேரம் நின்னுச்சு. இப்ப மூணு மணி நேரத்துல படுத்துருது. பேட்டரிய மாத்திருங்க" என்றார். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தேன். புதிதில் 50 வாட்-மணி கொள்ளளவு, இப்போது 46. அந்தப் பேட்டரியில் குறையே இல்லை. எல்லா புரோகிராமையும் மூடிவிட்டு பிரவுசரை மட்டும் திறந்து வைத்தேன். சும்மா இருக்கிற மெஷின் 15 வாட் குடிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் இரண்டாவது ஜிபியு, அதாவது கனமான வேலைக்கான பெரிய வரைகலைச் சிப், கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறது. மகன் லீவுக்கு வந்தபோது கேம் விளையாட கிராபிக்ஸ் செட்டிங்கில் நுழைந்தவன், பிரவுசருக்கும் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதை எடுத்ததும் 6 வாட்டுக்கு இறங்கியது. 46-ஐ 15-ஆலும் 6-ஆலும் வகுத்துப் பாருங்கள், ஆடிட்டர் சொன்ன மூன்று மணி நேரமும் வரும், ஏழு மணி நேரத்துக்கு மேலேயும் வரும். பேட்டரி விற்கிற யாவாரம் அன்று போச்சு. அது கிடக்கட்டும்.

அவருடைய மெஷினில் 'ஸ்விட்ச்' எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பழைய மெஷின்களில் நிஜமாகவே இருந்தது. 2006-இல் வந்த சோனி வயோ எஸ்இசட் வரிசையில் கையால் தள்ளுகிற பொத்தானே வைத்திருந்தார்கள். தள்ளிவிட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 2008-இன் திங்க்பேட் டி400-இல் ரீஸ்டார்ட் இல்லாமலே மாறியது, திரை மட்டும் ஒரு நொடி கறுத்துத் திரும்பும். 2012 மின்வெட்டுக் காலத்தில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும்: மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் சேஞ்சோவர். மேலே தள்ளினால் ஈபி, கீழே தள்ளினால் ஜெனரேட்டர், இடையில் ஒரு கணம் இருட்டு. அந்தப் பழைய மெஷின்களில் நடந்ததும் அதுதான்: திரைக்குப் போகிற கம்பியையே ஒரு சிப்பிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டுகிற வேலை. திருப்பரங்குன்றத்து ஐயா முன்மொழிந்த 'மடைமாற்று' இந்த வகைக்கு அச்சாகப் பொருந்தும். ஒரே ஒரு உறுத்தல்: இன்றைக்குப் பத்திரிகையில் மடைமாற்றினார்கள் என்று வந்தால், யாரோ நிதியைத் திருப்பிவிட்டார்கள் என்றுதான் படிக்கிறோம்.

2010-இல் என்விடியாவின் ஆப்டிமஸ் வந்த பிறகு கதையே வேறு. லேப்டாப்பின் திரை எப்போதும் பிராசஸரோடு வந்த சின்ன ஜிபியுவோடுதான் கட்டியிருக்கும். கனமான வேலை வந்தால் பெரியது எழுந்து, படத்தைக் கணக்கிட்டுச் சின்னதின் நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கிறது. திரைக்கு எடுத்துக் கொடுப்பது அப்போதும் சின்னதுதான். வேலை முடிந்தால் பெரியது தூங்கிவிடும். இதில் எதுவும் எதற்கும் 'மாறவில்லை'. ஆங்கிலப் பெயர் பழைய மெஷினுக்கு வைத்தது, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பழைய சட்டையை நாமும் ஏன் தமிழுக்கு அளவெடுக்க வேண்டும்?

மேலூர் அக்கா முதல் மடலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை:

> வீட்டுக்கு கேஸ் அடுப்பு, விசேஷத்துக்குக் கொல்லையில் கோட்டையடுப்பு. எதில் வெந்தாலும் பந்தியில் போடுவது அதே கைதான்.

இதைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஆடிட்டர் வீட்டில் நடந்தது, ஒரு டம்ளர் பால் காய்ச்சக் கோட்டையடுப்பை மூட்டிய கதை.

ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். திரையின் இணைப்பே மாறுகிற வகைக்கு 'வழிமாற்று வரைகலை'. சின்னதோடு பெரியது வந்து சேர்ந்துகொள்கிற வகைக்கு 'துணைசேர் வரைகலை'. இப்போதைய கேமிங் மெஷின்கள் சிலவற்றில் மக்ஸ் சுவிட்ச் என்று முதல் வகை திரும்பி வந்திருப்பதால் இரண்டும் பயன்படும்.

இன்னொன்று. அதே பட்டியலில் 'பேட்டரி லைஃப்' என்பதற்கு 'மின்கல ஆயுள்' என்று போட்டிருக்கிறோம். ஆடிட்டருக்கு அதைப் படித்துக் காட்டினால், "ஆயுள் முடிஞ்சிருச்சா?" என்றுதான் கேட்பார். ஆயுள் என்பது வருடக்கணக்கு, பேட்டரி சாகிறவரை. நாம் சொல்ல வந்தது ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் என்பதை. கடைக்கு வருகிற ஒருவர்கூட ஆயுள் என்று கேட்டதில்லை, "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். 'சார்ஜ் நிற்கும் நேரம்' என்றே போடலாம். தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் 'மின்நிற்பு நேரம்'.

சிம்மக்கல்லிலிருந்து

---

அண்ணே, வணக்கம்.

ஆயுள் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்க பக்கம். ஆனால் ரெண்டு இடத்தில் இடிக்குது.

முதலாவது, 'எதுவும் மாறவில்லை' என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நிறைய ஆபீஸ் மெஷினில் எச்டிஎம்ஐ போர்ட்டைப் பெரிய ஜிபியுவோடுதான் கட்டியிருக்கிறார்கள். நான் காலேஜில் புரொஜெக்டர் மாட்டினால், பாடம் நடத்தி முடிக்கிறவரை அது தூங்கவே தூங்காது. திரையில் ஓடுவது வெறும் எழுத்துதான், சார்ஜ் மட்டும் விறுவிறுன்னு இறங்கும். இதை எந்த வகையில் சேர்ப்பீங்க?

ரெண்டாவது, பழியெல்லாம் ஜிபியு மேலேயே போகுது. திரையை விட்டுட்டீங்களே! என் மெஷின் திரையின் உச்ச வெளிச்சமே 250 நிட்தான் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு). ஒத்தக்கடையில் வாசலோரம் உட்கார்ந்தாலே யானைமலை வெயிலுக்கு முழு வெளிச்சம் வைக்க வேண்டியிருக்கு. பின்னொளி மட்டுமே மூணு நாலு வாட் இழுக்குது. உங்க 6 வாட் அங்கேயே கூடிரும். மெனுவில் 'வெளிச்சம்' என்று இருப்பதைப் 'பின்னொளி' என்று மாத்தினா, கரண்ட் எங்கே போகுதுன்னு ஜனங்களுக்குத் தெரியும்.

---

தம்பி,

புரொஜெக்டர் செய்தி எனக்கு உறைத்தது. ஒரே மெஷினில் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு ஒரு வகை, வெளித்திரைக்கு ஒரு வகை. அதற்காக மூன்றாவது சொல்லுக்குப் போக வேண்டாம். பெயர் மெஷினுக்கு இல்லை, இணைப்புக்குத்தான் என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுவோம். 'பின்னொளி' மட்டும் வேண்டாம். ஓஎல்இடி திரையில் பின்னொளி என்ற ஒன்றே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. 'வெளிச்சம்' இருக்கட்டும்.

நேற்று ஆடிட்டர் சார்ஜரை மறந்து வைத்துவிட்டுப் போனதை வாங்க வந்தார். துண்டுத்தாளில் மூன்று சொல்லையும் எழதிக் காட்டினேன். 'மாற்று வரைகலை'யைப் பார்த்து, "எக்ஸ்சேஞ்ச் ஆஃபரா?" என்றார். 'துணைசேர் வரைகலை'யைப் பார்த்து, "யாருக்குத் துணை?" என்றார். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும். பதில் ஒரு வரியில் இருக்கிறது, கேட்டதும் அவரே அந்த மெனுவுக்குப் போய் எதெல்லாம் துணை கேட்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திருப்பரங்குன்றத்து ஐயா, 'துணைசேர்' என்பதற்கும் 'வரைகலை'க்கும் இடையே ஏதாவது ஒற்று வருமா? வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும்.

---

அன்புத் தம்பிக்கு,

வராது. துணைசேர்ந்த, துணைசேர்கின்ற, துணைசேரும் என மூன்று காலமும் கரந்து நிற்பதால் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினமே மிகாது, இங்கே வருவதோ இடையினம். 'வழிமாற்று வரைகலை'யும் அவ்வாறே.

மடையை நீங்கள் எடுத்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. நிதிக்காரர்கள் கெடுத்த சொல்லை நாம் ஏன் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்? இருந்தாலும் 'வழிமாற்று' பழுதில்லை, அனுப்பிவிடுங்கள். துண்டுத்தாள் என்று எழுத வந்து 'எழுதி'யை 'எழதி' என்று அடித்திருக்கிறீர்கள். கோப்பிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து