விடாப்பிடியும் நெகிழ்வும் ஒரே தராசின் இரு தட்டுகளா? செய்முறையில் பிரித்து அளப்பது எப்படி?

கேள்விக்கொடி:

எடுத்த வேலையில் மனம் ஊன்றி நிற்பது ஒன்று, சூழல் மாறினால் சட்டென்று வேறு வேலைக்குத் தாவுவது இன்னொன்று. பல பாடநூல்கள் இவற்றை ஒரே தராசின் இரு தட்டுகளாகவே காட்டுகின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கெடெர்ட், எக்னர் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்கிறது.

முதுநிலை உளவியல் செய்முறை வகுப்பில் மாணவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கும்படி ஒன்று அமைக்க வேண்டும். இப்போதுள்ள திட்டம்: திரையில் 1 முதல் 9 வரை ஓர் எண் (5 கிடையாது). சிவப்பில் வந்தால் ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும், நீலத்தில் வந்தால் 5-ஐவிடச் சிறியதா பெரியதா என்று சொல்ல வேண்டும். இரண்டு வேலைக்கும் அதே இரண்டு விசைகள். ஓர் எண் வந்து அதற்கு ஒரு பதில் சொல்வது ஒரு ட்ரயல். பாதி ட்ரயல்களில் வேலை மாறும், மொத்தம் 200 ட்ரயல்கள். இதை வைத்து "ஒரே தராசா, தனித்தனியா" என்று சொல்ல முடியுமா? எங்கே சறுக்கும்?

தரவுத்தச்சன்:

இந்த அமைப்பில் சொல்ல முடியாது. எண்களும் விசைகளும் நல்ல தேர்வு, குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒற்றைக்கும் சிறியதற்கும் இடது விசை, இரட்டைக்கும் பெரியதற்கும் வலது விசை என்று வையுங்கள். அப்போது 1, 3, 6, 8 ஆகியவற்றுக்கு எந்த வேலையைச் செய்தாலும் ஒரே விசைதான். இவை இசைவான எண்கள். 2, 4, 7, 9 ஆகியவற்றுக்கு இரண்டு வேலைகளும் எதிரெதிர் விசைகளைக் கேட்கும், அதனால் இவை முரண் எண்கள். ஆக ஒரே சோதனையில் இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. வேலை மாறிய ட்ரயலின் பதில் நேரத்திலிருந்து மாறாத ட்ரயலின் நேரத்தைக் கழித்தால் மாற்றத் தாமதம். அது குறைந்தால் நெகிழ்வு கூடியிருக்கிறது. முரண் எண்ணின் நேரத்திலிருந்து இசைவான எண்ணின் நேரத்தைக் கழித்தால் முரண் தாமதம். அது குறைந்தால், வேண்டாத வேலை உள்ளே புகாதபடி மனம் ஊன்றி நிற்கிறது.

உங்கள் திட்டத்தில் எல்லாமே பாதிக்குப் பாதி. எதையும் அசைக்காமல் அளந்தால், ஒன்று அசையும்போது மற்றதும் அசைகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டு விகிதங்களைத் தனித்தனியே அசைக்க வேண்டும். வேலை மாறும் விகிதம் சில பிளாக்குகளில் (அதாவது ட்ரயல் தொகுதிகளில்) 25%, சிலவற்றில் 75%. முரண் எண்களின் விகிதமும் அதே போல 25% அல்லது 75%. இரண்டையும் பெருக்கினால் நான்கு வகை பிளாக்குகள்.

அடிக்கடி வேலை மாறும் பிளாக்கில் மாற்றத் தாமதம் சுருங்கும், முரண் எண்கள் மிகுந்த பிளாக்கில் முரண் தாமதம் சுருங்கும். இவ்விரண்டும் நன்கு நிலைபெற்ற முடிவுகள். உங்கள் கேள்விக்கு விடை குறுக்கே இருக்கிறது. ஒரே தராசு என்றால், அடிக்கடி மாறும் பிளாக்கில் முரண் தாமதம் பெருக வேண்டும், முரண் மிகுந்த பிளாக்கில் மாற்றத் தாமதம் பெருக வேண்டும். 2022 ஆய்வில் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் விகிதத்துக்கு மட்டுமே அசைந்து கொடுத்தது.

இனி சறுக்கும் இடங்கள்.

முதலாவது நிறம். எந்த வேலை என்று காட்ட வேலைக்கு ஒரு குறி மட்டும் இருந்தால் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் குறியும் மாறும். கிடைக்கும் தாமதத்தில் வேலை மாறியதன் பங்கு எவ்வளவு, புதுக் குறியைப் படித்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. 2003-இல் லோகன், புண்டெசன் இருவரும், தனியே மயர், கிளீகல் இருவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். வேலைக்கு இரண்டு குறிகள் கொடுங்கள்: சதுரமும் சாய்சதுரமும் ஒரு வேலைக்கு, வட்டமும் முக்கோணமும் மற்றதற்கு. வேலை மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு ட்ரயலிலும் குறி மாறட்டும். நிறத்தை விட்டு வடிவத்துக்கு வந்தால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் சிக்கல் இராது.

இரண்டாவது, விகிதத்தை மாற்றும்போது எண்களின் எண்ணிக்கையும் மாறிவிடும். ஓர் எண் அடிக்கடி வந்தால் அதற்கு விரல் தானாகவே போகும், அது கட்டுப்பாடு அல்ல, பழக்கம். அதனால் எண்களைப் பிரியுங்கள். 3, 8, 4, 9 ஆகியவை எல்லா பிளாக்குகளிலும் தலா 16 முறை வரட்டும், அளவு இவற்றில் மட்டும். இசைவு மிகுந்த பிளாக்கில் 1, 6 தலா 32 முறை; முரண் மிகுந்த பிளாக்கில் அவற்றுக்குப் பதில் 2, 7 தலா 32 முறை. மொத்தம் 128 ட்ரயல், விகிதம் சரியாக 75:25. அதே எண் அடுத்தடுத்து வரக் கூடாது.

மூன்றாவதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். இசைவு மிகுந்த பிளாக்கில் ஒருவர் குறியைப் பார்க்கவே பார்க்காமல் எல்லா எண்ணுக்கும் ஒற்றை, இரட்டை மட்டும் சொல்லிக்கொண்டு போனாலும், இரண்டு வேலைகளும் சம அளவில் வந்தால், 87.5% சரியாகிவிடும். மொத்த மதிப்பெண் அழகாக இருக்கும், ஆனால் அவர் வேலையை மாற்றவே இல்லை. முரண் எண்களில் சரியான விழுக்காட்டைத் தனியே எடுங்கள். அது 50%-ஐ ஒட்டி இருந்தால் அவருடைய தரவைச் சேர்க்க வேண்டாம்.

பிளாக்கின் முதல் ட்ரயல், பிழையான ட்ரயல், பிழைக்கு அடுத்த ட்ரயல், 200 மில்லி விநாடிக்குக் குறைவான பதில் எல்லாவற்றையும் நீக்குங்கள். பிழையான ட்ரயலில் அவர் எந்த வேலையைச் செய்தார் என்றே தெரியாது. அதனால் அடுத்ததை "மாறியது" என்பதா "மாறாதது" என்பதா என்று வகைப்படுத்த வழியில்லை.

நடுமூளை:

தராசு என்ற எண்ணம் வெறும் உவமையாக வந்ததல்ல, அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவற்றையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

முன்மூளைப் புறணியின் வலைப்பின்னல் ஓர் இலக்கைப் பிடித்து வைத்திருப்பதை, பள்ளத்தில் கிடக்கும் பந்தாகக் கணிப்பு மாதிரிகள் காட்டுகின்றன. பள்ளம் ஆழமானால் இடையூறு பந்தை அசைக்காது, ஆனால் நீங்களே அடுத்த பள்ளத்துக்குத் தள்ளுவதும் கடினம். டர்ஸ்டெவிட்ஸ், சீமன்ஸ் 2008-இல் இதை டோபமின் என்ற மூளை வேதிப்பொருளோடு இணைத்தார்கள்: அதன் ஏற்பிகளில் டி1 வகை மேலோங்கினால் பள்ளம் ஆழம், டி2 மேலோங்கினால் மேடு பள்ளம் தட்டையாகும். இந்தப் படத்தில் இருப்பது ஒரே ஆழம், அதனால் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நடத்தைச் சான்றும் உண்டு. டிரைஸ்பாக், கோஷ்கே 2004 சோதனையில் ஒரு நிறத்தில் வரும் இலக்குக்குப் பதில் சொல்லி, இன்னொரு நிறத்தில் வருவதைப் புறக்கணிக்க வேண்டும். பின்பு விதி மாறும். இலக்கு புது நிறத்தில் வந்து, பழைய இலக்கின் நிறம் இடையூறாக நின்றபோது, இனிய படங்களைப் பார்த்தவர்கள் பழைய நிறத்தை எளிதாக விட்டார்கள். ஆனால் அதுவரை புறக்கணித்த நிறம் இலக்காகி, இடையூறு புது நிறத்தில் வந்தபோது, அந்தப் புதுமை அவர்களையே கூடுதலாக இழுத்தது. ஒரே மனநிலை நெகிழ்வைத் தந்து, ஊன்றலை எடுத்துக்கொண்டது.

இவை 2022 முடிவோடு மோதுவதாக நான் நினைக்கவில்லை. மனநிலை, டோபமின் போன்றவை மூளை முழுவதையும் ஒருசேரத் தொடும் தாக்கங்கள், அவை இரண்டையும் எதிரெதிராக இழுக்கலாம். பிளாக்கின் விகிதம் அப்படியல்ல, "இங்கே வேலை அடிக்கடி மாறும்", "இங்கே வேண்டாத விதி அடிக்கடி குறுக்கிடும்" என்று இரண்டு தனிப் பாடங்களைக் கற்றுத் தருகிறது. முன்மூளை பிடித்து வைக்கிறது, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி புதியதை உள்ளே விடும் கதவாகிறது என்ற மாதிரியில், பிடியையும் கதவையும் தனித்தனியே சரிசெய்ய இடம் இருக்கிறது.

கேள்விக்கொடி:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வேலை மாறிய ட்ரயலில் முரண் தாமதமும் பெரிதாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதுவே ஒரே தராசு என்பதற்குச் சான்று ஆகாதா?

தரவுத்தச்சன்:

ஆகாது. வேலை இப்போதுதான் மாறியது என்றால், முந்தைய விதி இன்னும் சூடாக இருக்கிறது. அதன் விசை முரணாக இருந்தால் இடையூறு கூடும். இது ஒரு ட்ரயலுக்குள் நடக்கும் மிச்சத்தின் வேலை. தராசுக் கருத்து பேசுவது கட்டுப்பாட்டின் அமைப்பு நிலையைப் பற்றி, அது பிளாக் முழுக்க நீடிப்பது. மாணவர்களின் அறிக்கைகளில் இந்த இரண்டும்தான் அதிகம் குழம்பும், முதல் வகுப்பிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

அந்த மிச்சம் பிடிவாதமானது. ரோஜர்ஸ், மான்செல் 1995-இல் ட்ரயல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை நீட்டிப் பார்த்தார்கள். சுமார் 600 மில்லி விநாடி வரை மாற்றத் தாமதம் குறைந்தது, அதற்கு மேல் 1.2 விநாடி கொடுத்தும் ஒரு பகுதி போகவே இல்லை. உங்கள் சோதனையில் குறியும் எண்ணும் ஒன்றாகவே தோன்றட்டும். முன்னேற்பாட்டுக்கு நேரம் கொடுத்தால் நீங்கள் தேடும் வேறுபாடு தேய்ந்துவிடும்.

ட்ரயல் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். அரிதாக மாறும் பிளாக்கில் வேலை மாறுபவை 32. அவற்றில் அளவுக்கான எண்கள் பாதி, அந்தப் பாதியில் முரண் பாதி: ஒரு பிளாக்குக்கு 8 ட்ரயல்தான் மிஞ்சும். வகைக்கு 2 பிளாக் என்றால் 16, பிழைகளை நீக்கினால் இன்னும் குறையும். வகைக்கு 4 பிளாக் வைத்து, 8 பிளாக் ஒரு நாள், 8 பிளாக் மறுநாள் என்று பிரியுங்கள். ஒரு நாளுக்கு 1024 ட்ரயல், ட்ரயலுக்கு 2.2 விநாடி என்றால் இடைவேளை நீங்கலாக 38 நிமிடம்.

பழையஏடு:

அளவு பற்றி எல்லாம் சொல்லியாயிற்று. "நெகிழ்வு" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். இந்தச் சோதனையில் இரண்டு விதிகளும் முன்பே தெரியும், குறி வந்து எதைச் செய்ய என்று சொல்லிவிடுகிறது. யாரும் சொல்லாமலே பழைய வழியைக் கைவிடுவது வேறு திறன்.

லூச்சின்ஸ் 1942-இல் கொடுத்த குடுவைக் கணக்கு இதற்கு இன்றும் நல்ல செய்முறை. 21, 127, 3 அளவுள்ள குடுவைகளால் 100 அளக்க வேண்டும்: 127-இலிருந்து ஒரு முறை 21, இரண்டு முறை 3 கழிக்க வேண்டும். இதே வழியில் சில கணக்குகளைப் போட்ட பிறகு 23, 49, 3 கொடுத்து 20 கேளுங்கள். 49-23-3-3 என்று பழைய பாதையிலேயே போவார்கள், 23-3 கண்ணெதிரே இருக்கும்போது. அடுத்து 28, 76, 3 கொடுத்து 25 கேளுங்கள். பழைய வழி 42-இல் முடிகிறது, 28-3 நேராக விடை. பலர் அங்கே திணறி நிற்பார்கள்.

விஸ்கான்சின் அட்டைப் பரிசோதனையும் அப்படித்தான். அட்டைகளை நிறம், வடிவம், எண்ணிக்கை இவற்றில் எதை வைத்து அடுக்குவது என்பதை, சரி, தவறு என்ற பதிலைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். தொடர்ந்து 10 முறை சரியாக அடுக்கியதும் விதி சொல்லாமல் மாறும். மாறிய பின்னும் பழைய விதியில் தொங்குவது ஒரு வகைப் பிழை, தொடர்ந்து 5 முறையோ அதற்கு மேலோ சரியாகச் செய்துவிட்டு விதி மாறாமலே கைநழுவ விடுவது இன்னொரு வகை. மொத்தப் பிழையை மட்டும் கூட்டினால் விடாமையும் பிடிக்காமையும் ஒரே எண்ணாகிவிடும்.

கேள்விக்கொடி:

பிளாக்குகளின் வரிசை எப்படி இருக்க வேண்டும்? மாணவரை மாணவரோடு ஒப்பிடலாமா?

தரவுத்தச்சன்:

ஒரே வகை பிளாக்குகளை அடுத்தடுத்து வையுங்கள், வகைகளின் வரிசை ஆளுக்கு ஆள் சுழலட்டும். முந்தைய பிளாக்கில் கற்ற விகிதம் அடுத்ததில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வகை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கணக்கில் சேராத 20 ட்ரயல் பயிற்சி, அதே புதிய விகிதத்தில். விகிதத்தை வாயால் சொல்ல வேண்டாம்.

ஆளை ஆளோடு ஒப்பிட வேண்டாம். கழித்து எடுக்கும் அளவுகளில் நபர்களுக்கிடையே வேறுபாடு குறுகியது, மறு அளவீட்டில் தரவரிசை கலைந்துபோகும். வகுப்புச் சராசரிக்கு இவை நன்றாக உழைக்கும், ஒரு மாணவரை "நெகிழ்வற்றவர்" என்று முத்திரை குத்த உதவாது. குறுக்கு விளைவு வரவில்லை என்பதையும் "முக்கியத்துவம் இல்லை" என்று மட்டும் எழுதி முடிக்காமல், பேய்ஸ் காரணி கணக்கிட்டு, இல்லை என்பதற்குத் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.