கொழும்பு ஈரத்தில் வில்லோ மட்டை: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து:

மகனின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு இங்கிலிஷ் வில்லோ மரத்தில் செய்த கிரிக்கெட் மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அடிநுனி தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டுபோல வீங்கி, நார் நாராகப் பிரிந்துவிட்டது. அவன் அதை என் கையில் தந்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கே பிழைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒக்டோபர், நவம்பரில் இங்கே பின்னேரமானால் இடியோடு மழை. அது விட்டதும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். ஆடுகளத்தில் விரித்த மெட்டிங் பாயின் அடியில் இன்னும் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டையை நிலத்தில் தட்டித் தட்டி நிற்கிறான். மட்டையின் முகத்துக்கு எண்ணெயும் பிளாஸ்டிக் ஷீற்றும் இருக்கிறது, அடிநுனிக்கோ ஒன்றும் இல்லை. மரத்தின் நரம்புகள் நீளவாக்கில் ஓடி அங்கேதான் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கின்றன. அதனால் அந்த இடம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையைத் திறக்காமல் கதவு மூலையில் மாபிளில் நிமிர்த்தி வைத்தோம். அடுத்த கிழமை திறந்தபோது வீக்கம்.

இரண்டாவது பிழை முழுக்க என்னுடையது. பயத்தில் ஹார்ட்வெயார் கடையொன்றில் ஆளிவிதை எண்ணெய் என்று கேட்டு வாங்கி, மூன்று இரவு விடாமல் பூசினேன். போத்தலில் 'காய்ச்சியது' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. கெதியாகக் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருப்பார்கள். அது மரத்துக்குள் இறங்காமல் மேலேயே வார்னிஷ் மாதிரிப் படிந்துவிட்டது. மட்டையும் பாரம் கூடி, பந்து பட்டால் சத்தமே செத்துப்போனது. கடைசியில் மரவேலை செய்யும் ஒரு வயதான ஓடாவியிடம் கொண்டு போனேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கதவுக்குப் பூசுற எண்ணெய் தம்பி" என்றார்.

அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு கிழமை நிழலில் படுக்க வைத்துக் காய விட்டார். வெயிலும் காட்டவில்லை, ஃபேனுக்குக் கீழும் வைக்கவில்லை. பிறகு மேல் படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். பிரிந்த நார்களுக்குள் மரப்பசையை மெல்லிய தகட்டால் தள்ளி, இறுக்கிக் கட்டி ஒரு இரவு வைத்தார். நுனிக்கு ரப்பர் காப்பு ஒட்டினார். பிறகுதான் எண்ணெய், அதுவும் காய்ச்சாதது. ஒரு தேக்கரண்டி அளவை பழைய சறம் துண்டில் தொட்டு, முகத்திலும் விளிம்பிலும் ஷீற் ஒட்டாத இடங்களில் மட்டும். பிடி அலகுக்குள் ஆங்கில வி எழுத்துப்போல இறங்கும் பொருத்தில் ஒரு துளிகூடப் படவிடவில்லை. அங்கே எண்ணெய் போனால் பசை விட்டுவிடுமாம்.

என் முடிவு இதுதான். எண்ணெய் பற்றி நாங்கள் படிக்கும் குறிப்புகள் அநேகம் குளிர்நாட்டுக்காரர் தங்கள் மட்டை வரண்டு போகாமல் இருக்க எழுதியவை. எங்களுக்குப் பிரச்சினை வரட்சி இல்லை, கீழிருந்து ஏறும் ஈரம். எண்ணெயைக் குறைத்து, அடிநுனியைக் கவனியுங்கள். இந்த ஈரத்தில் மட்டை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணை, எண்ணெய் விஷயத்தில் என் அப்பாவும் நீங்கள் முதலில் செய்ததுபோலத்தான், நிறையப் பூசச் சொல்லுவார். தமிழ் யூனியன் மைதானத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் எங்கள் இலங்கை வீரர் சதாசிவம் அடித்த 215 ஓட்டங்கள் பற்றி, தான் பார்க்காவிட்டாலும் பார்த்ததுபோலச் சொல்லுவார். அந்தக் காலத்து மட்டைகள் மெலிசு, இறுக்கி அமுக்கியவை, எண்ணெயைக் குடித்துத் தாங்கும். இப்போதைய மட்டைகள் அப்படி இல்லை. விதியில் விளிம்புக்கு 40 மில்லிமீற்றர், பருமனுக்கு 67 என்று எல்லை வைக்கும் அளவுக்குத் தடிப்பாகிவிட்டன. பாரம் கூடாமல் அந்தப் பருமன் வரவேண்டும் என்றால் மரத்தை நன்றாக உலர்த்தி, அதிகம் அமுக்காமல் விடவேண்டும். அப்பாவின் அளவில் எண்ணெய் விட்டு நான் ஒரு நல்ல மட்டையைக் கொன்றேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர் தன் மட்டைக்குச் சரியானதைத்தான் சொன்னார்.

ஆனால் புது மட்டையை ஆட்டத்துக்கு முன் தட்டிப் பதப்படுத்தும் விஷயத்தில் அவர் சொன்னதை இன்றும் மாற்றவில்லை. மரச் சுத்தியல், இல்லாவிட்டால் சொக்ஸுக்குள் போட்ட பழைய லெதர் பந்து. மொத்தம் ஆறு மணித்தியாலம். ஒரே நாளில் அல்ல, தினம் அரை மணித்தியாலம். எங்கள் வீடுகள் சுவரோடு சுவர், அதனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் தட்டுவேன். பக்கத்து வீட்டு அன்ரி முதல் நாள் யாரோ சுவர் இடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். விளிம்பை நேராக அடிக்கக்கூடாது, சரித்துப் பிடித்து உருட்டிவிடுவதுபோல மெதுவாகத் தட்ட வேண்டும். என்னோடு விளையாடினவன் ஒருவன் பொறுமையில்லாமல் இரண்டாம் நாளே புதுப்பந்துக்கு இறங்கினான். விளிம்பில் நகம் நீளத்துக்கு வெடிப்பு.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி: பழைய பந்தை மெதுவாகக் கட்சுக்கு உயர்த்தி அடியுங்கள். பந்தின் தையல் முகத்தில் பதிந்தால் திரும்பவும் சுத்தியலுக்குப் போங்கள்.

தெகிவளையிலிருந்து:

இரண்டு விஷயம் மட்டும். மட்டையைக் கார் டிக்கியில் விடாதீர்கள். மத்தியானம் நிறுத்திவைத்த காருக்குள் இருக்கும் சூடு மரத்துக்குள் இருக்க வேண்டிய கொஞ்ச ஈரத்தையும் எடுத்துவிடும். எங்கள் கிளப் பையில் இருந்த மூன்று மட்டை ஒரே மாதத்தில் முகத்தில் கோடு கோடாக வெடித்தன.

மற்றது இன்னும் முக்கியம். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கினால் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டு எறியுங்கள். ஃபிளட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

என் மகள் இந்த வருசம்தான் ஹார்ட்போல் தொடங்கியிருக்கிறாள். அவளுடையது காஷ்மீர் வில்லோ. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா? பிடி ரப்பர் வியர்வையில் வழுக்குகிறது, கழற்றிப் பார்த்தால் உள்ளே நூல்கட்டு ஒரு இடத்தில் அவிழ்ந்திருக்கிறது. மட்டையே போய்விட்டதோ என்று அழுகிறாள்.

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கச்சி, பிள்ளையை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். நூல் அவிழ்ந்ததால் மட்டை போகாது. அந்த இடத்தில் பசை தடவி நூலை இறுக்கிச் சுற்றி, காய்ந்த பிறகு புது ரப்பரை ஏற்றினால் சரி. பிடிக்குள் இருக்கும் பிரம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் வளைத்துப் பாருங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால்தான் திறமான ஓடாவியிடம் கொண்டுபோக வேண்டும்.

காஷ்மீர் வில்லோ பொதுவாகக் கொஞ்சம் பாரமும் இறுக்கமும் கூடியது. அதையும் தட்டத்தான் வேண்டும், ஒரு மணித்தியாலம் கூடவே தட்டுங்கள். ஈரத்துக்கு இரண்டு மரமும் ஒன்றுதான். ஆட்டம் முடிந்ததும் நுனியைத் துடைத்து, உறையைத் திறந்து, அலுமாரிக்கு மேலே படுக்க வையுங்கள்.

மகன் இப்போது ஓவர் முடிய முடியப் பொக்கெற்றிலிருந்து துணித்துண்டை எடுத்து நுனியைத் துடைக்கிறான். அந்த ஓடாவியின் சறம் துண்டுதான், கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். என்னிடம் மரச் சுத்தியல் இருக்கிறது, பம்பலப்பிட்டி தூரமில்லை. இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து தரட்டுமா?